ஹேமாவின் தோட்டாக்களைச் சுடாதீர்கள்

ஹேமலதா இறந்த செய்தி எனக்கு வாட்ஸ்அப்பில்தான் வந்தது. கராஜில் காருக்கு ஆயில் மாற்றிக்கொண்டிருந்தேன். கையைத் துடைத்துவிட்டுப் போனை எடுப்பதற்குள் எங்கள் துப்பாக்கிக் குழுவில் கும்பிடும் கைகள் வரிசையாக வந்து விழுந்திருந்தன. ‘ஸ்வீட் சோல்’ என்று ஒருவர் எழுதியிருந்தார். ‘யாரையும் கடிந்து ஒரு சொல் சொல்லாதவர்’ என்று இன்னொருவர். கொஞ்ச நாள் முன்பு குழுவில் ஒருவருடைய லாப்ரடார் நாய் செத்தபோதும் இதே கைகள், இதே சொற்கள். நாயைப் பொறுத்தவரை அதெல்லாம் உண்மை.

ஹேமாவை அறிந்த, ஹூஸ்டனை ஒட்டிய கேட்டி ஊர் நண்பர்களே, நமக்குள் எதற்கு இந்த வேஷம்? அவர் ஸ்வீட்டும் இல்லை, சாதுவும் இல்லை. ‘கடிந்து ஒரு சொல் சொல்லாதவர்’ என்று எழுதிய புண்ணியவானிடம் ஹேமா சொன்னது எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. “உங்களுக்குத் துப்பாக்கியே வேண்டாம் சார். ஒரு விசில் வாங்கிக்குங்க. சத்தம் வரும், யாருக்கும் ஆபத்து இல்ல.” எனக்கும் அவருக்கும் ஒத்துப்போனதே கிடையாது. அவர் எனக்கு ஒருமுறைகூட நன்றி சொன்னதில்லை. அவர் கொண்டுவரும் கேசரியை நான் இரண்டாம் முறை வாங்கியதில்லை. இதையெல்லாம் முதலிலேயே சொல்லிவிட்டால் மற்றதை நிம்மதியாக எழுதலாம்.

திருச்சிக்காரர். கெமிக்கல் இன்ஜினியர். ஹூஸ்டன் பக்கம் ஒரு எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலையில் பாதுகாப்புப் பிரிவில் இருந்தார்; எது எப்படியெல்லாம் வெடிக்கும் என்று யோசிப்பதற்காகவே சம்பளம் வாங்கியவர். கணவர் கணேசன் வேறொரு கம்பெனியில் கணக்குப் பிரிவில் இருந்தார். டெக்சஸுக்குக் குடிவந்த நம்மவர்களில் பாதிப் பேரைப் போல அவர்களும் சனிக்கிழமை பொழுதுபோக்குக்காகத்தான் துப்பாக்கி சுடும் ரேஞ்சுக்கு வந்தார்கள். மற்றவர்கள் அங்கே போட்டோ எடுத்துக்கொண்டார்கள். ஹேமா கீழே குனிந்து, சுட்டு முடித்த பித்தளைக் கூடுகளைப் பொறுக்கினார்.

அவற்றை வீட்டுக்கு எடுத்துப்போய், கழுவி, விரிந்த கூட்டைப் பழைய அளவுக்கு அமுக்கி, அடியில் பொறி தட்டும் புது பிரைமர் பொருத்தி, வெடிமருந்தை நிறுத்துப் போட்டு, பிரஸ் என்கிற கைமெஷினில் மேலே குண்டை அழுத்தினால் மறுபடி தோட்டா. இதைத்தான் ரீலோடிங் என்கிறோம். நம் குழுவில் ஆறேழு பேர் இதைச் செய்கிறார்கள். எதற்கென்று கேட்டால் சிக்கனம் என்பார்கள். சிக்கனமும் இல்லை, ஒரு மண்ணும் இல்லை. ‘நானே செய்தது’ என்று சொல்லிக்கொள்ளும் ஆசை. முருங்கைக்காய் காய்த்தாலே ஃபேஸ்புக்கில் போடுகிற கூட்டம்தானே நாம். ஹேமாவின் காரணம் வேறு. அடுத்தவன் அளந்த மருந்தை அவர் நம்பவில்லை, அவ்வளவுதான். அதே காரணத்தால், தான் செய்த தோட்டாவை அவர் யாருக்கும் தந்ததுமில்லை. “நீங்க என்னை நம்பறீங்கங்கறதே எனக்குப் பிடிக்கல” என்று ஒருமுறை என்னிடமே சொன்னார்.

ஹேமாவின் ஏளனத்தின் உச்சத்தை டாக்டர் முரளியின் விஷயத்தில் பார்த்தேன். முரளி பேர்லேண்டில் இருக்கும் மயக்க மருந்து நிபுணர். எதை வாங்கினாலும் கடையிலேயே உயர்ந்ததைத்தான் வாங்குவார், எதையும் துடைத்து வைக்க மாட்டார். ஒரு வருஷம் ஆயுத பூஜை முடிந்து வந்த சனிக்கிழமை அவருடைய ரைஃபிள் மக்கர் செய்தது. தோட்டாக்களை அடுக்கும் மேகசினிலிருந்து முதல் இரண்டு தோட்டா ஏறும். மூன்றாவது மேலே எழும்பாமல் உள்ளேயே சாய்ந்து கிடக்கும். முரளி வரிசையாகக் காரணம் சொன்னார். ஸ்பிரிங் வீக். தோட்டா கம்பெனி மட்டம். ஹூஸ்டன் ஹியூமிடிட்டி. ரேஞ்சில் நின்றபடியே போனில் புது மேகசினுக்கு ஆர்டரும் போட்டுவிட்டார்.

ஹேமா அந்த மேகசினை வாங்கி மூக்கருகே கொண்டுபோனார்.

“டாக்டர், இது எந்த ஊர் சந்தனம்?”

“மைசூர். அம்மா அனுப்பினது” என்றார் முரளி, பெருமையாக.

“நல்ல வாசனை. ஸ்பிரிங் வரைக்கும் போயிருக்கு.”

அடித்தட்டைக் கழற்றி மேஜையில் தட்டினார். காய்ந்த சந்தனம் மஞ்சள் செதில்களாக உதிர்ந்தது. கூடவே கொஞ்சம் குங்குமமும் இரண்டு மூன்று அட்சதையும். பூஜையறையில் ஸ்டெதஸ்கோப்புக்கும் லேப்டாப்புக்கும் நடுவில் ரைஃபிளை வைத்து, மேகசினின் வாய் நிறைய அப்பியிருக்கிறார் மனுஷன். “ஆபரேஷன் தியேட்டர்ல வென்டிலேட்டருக்கும் இப்படித்தானா?” என்று கேட்டுவிட்டு, பதிலுக்குக் காத்திராமல் தன் இடத்துக்குப் போய்விட்டார் ஹேமா. அடுத்த ஆயுத பூஜைக்கு முரளி பாடம் கற்றுக்கொண்டார்: மேகசினை விட்டுவிட்டு, தோட்டாவைக் குழலுக்குள் தள்ளும் போல்ட்டுக்குப் பூசினார்.

தோட்டா ஏறாமல் போனால் நம் ஆட்கள் செய்யும் முதல் காரியம் எல்லாவற்றையும் ஒரே சமயத்தில் மாற்றுவது. புது மேகசின், புது தோட்டா, புது எண்ணெய், முடிந்தால் புது துப்பாக்கி. பிறகு சரியாகிவிட்டால் எதனால் சரியானது என்று யாருக்கும் தெரியாது. ஹேமாவுக்கு இதைப் பார்த்தாலே எரிச்சல் வரும். “ஒரு நேரத்துல ஒண்ணத்தான் மாத்தணும். முதல்ல மேகசின், அப்புறம் தோட்டா, அப்புறம் துப்பாக்கி. அதுக்கெல்லாம் முன்னாடி சுடறவன்” என்பார். கடைசி வாக்கியத்தைச் சொல்லும்போது அந்தச் சுடுகிறவனை மேலும் கீழும் ஒரு பார்வை பார்ப்பார். அந்தப் பார்வைக்குப் பயந்தே இரண்டு பேர் கோல்ஃப் ஆடப் போய்விட்டார்கள்.

கணவரிடமும் அப்படித்தான். கணேசன் மென்மையான மனிதர். ஃபிளாஸ்கில் எல்லோருக்கும் காபி கொண்டுவருவார். அவருடைய ரைஃபிளில் ஒவ்வொரு முறை சுட்ட பிறகும் போல்ட்டைக் கையால் பின்னுக்கு இழுத்து முன்னுக்குத் தள்ள வேண்டும். முழுசாக இழுத்தால்தான் அடுத்த தோட்டாவைக் கவ்வும். கணேசன் பாதிதான் இழுப்பார். தோட்டா ஏறாது. விசையை அழுத்துவார், ‘டிக்’கென்று வெற்றுச் சத்தம் வரும். “என்னங்க, அது கோயில் கதவா, பாதி திறந்து எட்டிப் பாக்க? முழுசா இழுங்க” என்று அத்தனை பேர் முன்னாலும் சொல்வார் ஹேமா. கணேசன் சிரிப்பார். மறுபடி பாதிதான் இழுப்பார். எனக்கு அதைப் பார்க்கப் பிடிக்காது. இப்படி ஒருத்தியோடு மனுஷன் எப்படிக் குடித்தனம் நடத்துகிறார் என்று வீட்டுக்கு வரும் வழியெல்லாம் என் மனைவியிடம் புலம்பியிருக்கிறேன்.

பிறகு ஹேமாவுக்குப் புற்றுநோய் வந்தது. வேலையை விட்டார். மருந்து ஏற்றிக்கொண்ட வாரம் போக மற்ற வாரங்களில் ரேஞ்சுக்கு வந்து நாற்காலியில் உட்கார்ந்திருப்பார், சுட மாட்டார். இந்த வசந்தத்தில் ஒரு நாள் பக்கத்தில் யாரும் இல்லாதபோது என்னைக் கூப்பிட்டார்.

“சேகர், அந்த மருந்து ஏத்த ஆரம்பிச்சதுலேர்ந்து விரல் நுனியில உணர்ச்சியே இல்ல. பிரைமர் கையில இருக்கா, கீழ விழுந்துடுச்சான்னுகூடத் தெரியல. தலையும் ஒரு மாதிரி பஞ்சு வச்ச மாதிரி இருக்கு. எங்க விட்டேன்னு ஞாபகம் இல்ல.”

“அப்ப விட்டுட வேண்டியதுதானே?”

“விட்டா சும்மா உக்காரணும். சும்மா உக்காந்தா அவர் வந்து பக்கத்துல உக்காந்துடறார், அழற மாதிரி மூஞ்ச வச்சிக்கிட்டு. கராஜ்ல பிரஸ் சத்தம் கேட்டா நான் நல்லா இருக்கேன்னு உள்ள போய் டிவி பாக்கறார். ஆனா நான் இப்ப பண்றத நானே சுட மாட்டேன். யாரும் சுடக் கூடாது.”

காபி கொண்டுவந்த கணேசனிடம் சர்க்கரை அதிகம் என்று குறை சொன்னார்.

இரங்கல் கூட்டம் கேட்டியில் ஒரு கம்யூனிட்டி ஹாலில் நடந்தது. முரளி ஸ்லைடு ஷோ போட்டார், பின்னணியில் புல்லாங்குழல். பேசிய ஒவ்வொருவரும் ஹேமாவைப் பற்றிப் பேசுவதாகத் தொடங்கித் தங்களைப் பற்றிப் பேசி முடித்தார்கள். கடைசியில் முரளி மைக்கைப் பிடித்தார். “மேடம் கைபட்ட எதுவும் தப்பாப் போனதில்ல. அவங்க கடைசியா லோட் பண்ண தோட்டா வீட்ல பாக்ஸ் பாக்ஸா இருக்கு. வர்ற சனிக்கிழமை ரேஞ்சுக்குப் போயி, ஆளுக்கு அஞ்சு, அவங்களுக்கு ஒரு சல்யூட். ப்ரசாதம் மாதிரி நெனச்சிக்குங்க.”

ஹாலில் கைதட்டல். கணேசன் கண்ணைத் துடைத்துக்கொண்டு தலையாட்டினார். இன்னொருவர் தயாரித்த தோட்டாவைச் சுடக் கூடாது என்பது ரீலோடிங் தொடங்குகிறவனுக்கு முதல் நாள் சொல்லித்தரும் விஷயம். ஒருவருடைய துப்பாக்கிக்கு அளந்தது இன்னொருவருடையதற்கு ஒத்துவராது என்பதும் அங்கிருந்த எல்லோருக்கும் தெரியும். இன்ஜினியர்கள், டாக்டர்கள், பிஎச்டிக்கள். ப்ரசாதம் என்று ஒரு சொல் காதில் விழுந்ததும் படித்தது அத்தனையும் பறந்துவிட்டது.

நான் எழுந்து நின்று சொன்னேன்: “கடைசி மாசங்கள்ல ஹேமாவுக்கு விரல்ல உணர்ச்சி இல்ல. அந்தத் தோட்டாக்கள யாரும் சுடக் கூடாது.”

“சார், இது அதுக்கான இடமா?” என்றது ஒரு குரல். முன்வரிசையில் ஒரு பெண்மணி என்னைத் திரும்பிப் பார்த்த பார்வையை இன்னும் மறக்கவில்லை. கணேசன் மட்டும் அமைதியாகச் சொன்னார். “அவ கை தப்பாது சேகர்.”

வியாழக்கிழமை அவர்கள் வீட்டுக்குப் போனேன். சாப்பாட்டு மேஜையில் மஞ்சள் பைகள் அடுக்கி வைக்கப்பட்டிருந்தன; கல்யாணத்தில் தேங்காய், வெற்றிலை போட்டுக் கொடுப்போமே, அதே பைகள். கணேசன் ஒவ்வொன்றிலும் ஐந்து தோட்டாக்களைப் பிளாஸ்டிக் உறையில் போட்டு, கூடவே ஹேமாவின் படத்தையும் வைத்துக்கொண்டிருந்தார். ஆஸ்டினிலிருந்து வந்திருந்த மகள் நிவேதா, எதிரில் உட்கார்ந்து அதைப் பார்த்தபடி இருந்தாள்.

“நீங்க அவள என்னைக்குமே மதிச்சதில்ல” என்றார் கணேசன், என்னை நிமிர்ந்து பாராமல்.

“மதிச்சேன். பிடிக்கல. ரெண்டும் வேற.”

ஹேமா ரேஞ்சில் என்னிடம் சொன்னதை ஒரு வார்த்தை விடாமல் சொன்னேன். விரல் நுனி. பஞ்சு. பிரஸ் சத்தம் கேட்டால் அவர் உள்ளே போய் டிவி பார்ப்பது. அந்த இடம் வந்தபோது கணேசனின் கை பையிலேயே நின்றுவிட்டது.

“எங்கிட்ட சொல்லலையே” என்றார். பிறகு முகம் சிவந்து, “நீங்களா ஏதோ கதை கட்டிச் சொல்றீங்க. இதுல ஒரு தப்பு இருந்தாக் காட்டுங்க. இல்லன்னா சனிக்கிழமை முதல் தோட்டா நான்தான் சுடப் போறேன்” என்றார்.

அவர் சுடுவார் என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. மற்றவர்களுடைய கையும் கண்ணும் போனால்கூட அவரவர் முட்டாள்தனம் என்று விட்டுவிடுவேன். இந்த மனிதருக்கு அது நடந்துவிடுமோ என்று எனக்குப் பயமாக இருந்தது.

நிவேதாதான் பேசினாள். “அப்பா, அம்மாவா இருந்தா எடை போட்டுப் பாத்திருப்பாங்க. ஜஸ்ட் டூ இட்.”

ஹேமாவின் சின்னத் தராசைக் கராஜிலிருந்து அவளே எடுத்துவந்தாள். கணேசன் பைகளைத் திரும்பக் கொட்டி, ஒவ்வொரு தோட்டாவாக நிறுத்தார். கணக்குப் பிரிவில் இருந்தவரல்லவா, ஒழுங்காகச் செய்தார். ஒரே வகைக் கூடு, ஒரே குண்டு; மருந்து கூடினாலும் குறைந்தாலும் எடையில் தெரிந்துவிடும். எடை அநேகமாக ஒன்றாகவே வந்தது. ஒவ்வொன்று தேறும்போதும் அவர் என்னை நிமிர்ந்து பார்த்தார். முதல் டப்பா முடிந்தது. இரண்டாவது டப்பாவின் நடுவில் ஒரு தோட்டாவை வைத்தபோது தராசு வெகுவாகக் குறைத்துக் காட்டியது. எடுத்து மறுபடி வைத்தார். தராசைத் துடைத்துவிட்டு வைத்தார். அதே குறைவு.

குண்டைப் பிரிப்பதற்கென்று சுத்தியல் மாதிரி ஒரு பிளாஸ்டிக் சாதனம் இருக்கிறது. தலையில் தோட்டாவை மாட்டித் தரையில் தட்டினால் குண்டு கழன்று விழும். கராஜுக்குப் போய் அவரே தட்டினார். குண்டு விழுந்தது. கூட்டை உள்ளங்கையில் கவிழ்த்தார். ஒன்றும் விழவில்லை. ஜன்னல் பக்கம் தூக்கி உள்ளே எட்டிப் பார்த்தார். ஒரு துகள் மருந்து இல்லை.

மருந்தில்லாத தோட்டா வெடிக்காது, அதனால் ஆபத்தில்லை என்று முரளி போன்றவர்கள் நினைப்பார்கள். ஆனால் பிரைமர் மட்டும் வெடித்துக் குண்டைக் குழலுக்குள் கொஞ்ச தூரம் தள்ளி, அங்கேயே சிக்கவைத்துவிடும். சுடுகிறவருக்குச் சின்னதாக ஒரு சத்தம்தான் கேட்கும். அடடா, மக்கர் என்று போல்ட்டை இழுத்து அடுத்ததை ஏற்றிச் சுடுவார். அடைபட்ட குழலுக்குப் பின்னால் முழு மருந்தும் வெடிக்கும். துப்பாக்கி அவர் முகத்துக்கு முன்னால் பிளக்கும். இதெல்லாம் கணேசனுக்கு நான் விளக்க வேண்டியிருக்கவில்லை. ஹேமாவோடு வாழ்ந்தவர். காலிக் கூட்டைக் கையில் வைத்துக்கொண்டு ஹேமாவின் ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டார்.

கூட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தபடி சொன்னார். “கல்யாணமான நாள்லேர்ந்து அவ தப்பு பண்ணி நான் பாத்ததே இல்ல சேகர். இப்பதான் முதல் தடவ பாக்கறேன். சொல்லிக் காட்ட ஆள் இல்ல.”

சிரிக்க ஆரம்பித்தார். அது பாதியிலேயே அழுகையாகிவிட்டது. நிவேதா ஓடிவந்து அவர் தோளைப் பிடித்துக்கொண்டாள். எனக்குப் பிடிக்காத ஒருத்திக்காக அவளுடைய கராஜில் நின்று நானும் அழுதேன். எழுதுவதற்கு வெட்கமாகத்தான் இருக்கிறது.

மீதியையும் அன்றே பிரித்துவிட்டோம். சுத்தியலை நான் வாங்கி இரண்டு தட்டுத் தட்டினேன். கணேசன் பொறுக்காமல் பிடுங்கிக்கொண்டார். “பாதி வேகத்துல தட்டினா எப்படிக் கழலும்? தள்ளுங்க.” அந்த மனிதர் யாரையாவது அதட்டி அன்றுதான் கேட்டேன். நன்றாகவே அதட்டினார். வேறு எதிலும் பிழை இல்லை, அந்த ஒன்றுதான். மஞ்சள் பைகளில் ஹேமாவின் படம் மட்டும் போயிற்று.

சனிக்கிழமை முரளியின் கூட்டம் கடையில் வாங்கிய தோட்டாக்களோடு சல்யூட் அடித்துவிட்டு வந்தது. ‘சிலருடைய நெகடிவிட்டியால் ஒரு நல்ல காரியம் கெட்டது’ என்று குழுவில் எழுதினார் முரளி. அதற்கும் கும்பிடும் கைகள் வந்தன. இந்தக் கட்டுரையைப் படித்த பிறகும் ஹேமாவைப் பற்றி இப்படி எழுதலாமா என்று கேட்பார்கள். கணேசனிடம் கேட்டுவிட்டுத்தான் எழுதுகிறேன். “எழுதுங்க. அவளுக்குப் பிடிக்காது. ஆனா மறைச்சா இன்னும் பிடிக்காது” என்றார். பிழையை அறிந்தும் வாயை மூடிக்கொள்கிறவனை ஹேமா எங்கள் எல்லோரையும்விடக் கேவலமாக நினைப்பார். இருந்ததையும் நடந்ததையும் அப்படியே சொல்வதைத் தவிர அவருக்குச் செய்யும் மரியாதை வேறு என்ன இருக்கிறது?

அவருடைய பிரஸ்ஸை எடுத்துக்கொள்ளச் சொன்னார் கணேசன். வேண்டாம் என்றுவிட்டேன், என்னிடமே ஒன்று இருக்கிறது. நான் வைத்துக்கொண்டது அவருடைய பிழையை மட்டும். குண்டை அழுத்துவதற்கு முன் ஒவ்வொரு கூட்டையும் விளக்குப் பக்கம் சாய்த்து, உள்ளே மருந்து தெரிகிறதா என்று இப்போதெல்லாம் இரண்டு முறை பார்க்கிறேன். அவர் உயிரோடு இருந்து எத்தனை திட்டியும் நான் ஒரு முறைக்கு மேல் பார்த்ததில்லை. ஹேமாவுக்கே கை தப்பியிருக்கிறது, நான் எம்மாத்திரம்?